எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை

புதுக்கோட்டையிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் போனால் குடுமியான்மலை. சிகாநாதர் கோயிலுக்குப் பின்புறம், மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறையில் கிரந்த எழுத்தில் ஒரு பாடம் வெட்டியிருக்கிறது. சங்கீதப் பாடம். ஏழு பகுதி, பகுதிக்கொரு ராகம், சுரங்கள் நான்கு நான்காகக் கட்டி வரிசையில் நிற்கின்றன. எழுத்தமைதியை வைத்து ஏழாம் நூற்றாண்டு என்பார்கள். உருத்திராசாரியாரின் மாணவரான ஓர் அரசர் மாணாக்கரின் நன்மைக்காக இதைச் செய்வித்தார் என்று பாடத்தின் முடிவில் பதிந்திருக்கிறது. அந்த அரசர் மகேந்திரவர்ம பல்லவன்தானா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்த வழக்கு இங்கே வேண்டாம். எனக்கு வேண்டியது, கிரந்தப் பாடம் முடிந்த பிறகு கீழே தமிழில் வெட்டியிருக்கும் சிறு குறிப்பு. இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்பது அதன் பொருள். யாழிலோ வீணையிலோ உள்ள நரம்புகளின் எண்ணிக்கையைச் சொல்கிறது என்று கொள்வோர் உண்டு.

இந்த மாவட்டத்தில் நான் அறிந்த மிகப் பழைய கற்பித்தல் கருவி அந்தப் பாறை. தான் எதற்கு உரியது என்பதை அது தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது. தன்னால் முடியாததையும் காட்டிவிடுகிறது. சுரத்தின் பெயர் கல்லில் நிற்கும், ஒலி நிற்காது. எந்தச் சுரத்தில் எவ்வளவு நின்று எப்படி அசைக்க வேண்டும் என்பதை எதிரில் உட்கார்ந்த ஆசான்தான் சொல்லித் தந்திருக்க வேண்டும். ஆசான் போன பிறகு பாறை மட்டும் மிஞ்சியது. அதை எப்படிப் பாடியிருப்பார்கள் என்று இசையறிஞர்கள் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பாடத்தை ஆயிரத்து முந்நூறு ஆண்டு காப்பாற்ற வேண்டும் என்பது நோக்கமானால் கல்லைவிடச் சிறந்த கருவி இல்லை. ஒரு பிள்ளையைப் பாட வைக்க வேண்டும் என்பது நோக்கமானால் கல் மட்டும் போதாது.

ஆன்லைன் வகுப்புக்கு எந்தக் கருவி நல்லது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். பாடம் முடிந்ததும் பிள்ளை என்ன செய்யக் கூடியவளாக வேண்டும்? வாசிக்கவா, வரையவா, வாதிடவா, கணக்குப் போடவா? அந்த வினைச்சொல் கைக்கு வராமல் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது எங்களில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நான் உட்பட. எல்லோரும் கேட்டது எந்த ஆப் என்றுதான். நான் ஆலங்குடிப் பக்கம் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடத்தைப் பன்னிரண்டு நிமிட வீடியோவாக எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் வந்தது, கட்டைவிரல் படமும் வந்தது. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு வீடாகப் போன் செய்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு வாசிப்பு மார்ச்சில் இருந்த இடத்துக்கும் கீழே போயிருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் வாசித்தவன் நான். அவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நன்னூலின் பொதுப்பாயிரத்தை அந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதியது. பாடம் சொல்கிறவன் காலமும் இடமும் பார்க்க வேண்டும், கொள்பவன் எப்படிக் கொள்வான் என்று அறிந்து கொடுக்க வேண்டும் என்கிறார். கூடவே ஒரு கணக்கும் தருகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாணவனுக்குச் சேர்வது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப் பங்கு, கற்றதைத் தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. நான் வீடியோவில் செய்தது கால் பங்கு வேலை. அதிலும் மாணவனின் முகம் பார்க்காத கால் பங்கு.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்தக் கருவியையும் அளந்துவிடலாம். ஒன்று, பிள்ளை கேட்பதற்கு மட்டும் இடம் தருகிறதா? இரண்டாவது, கூட்டாளிகளோடு பேச இடம் தருகிறதா? மூன்றாவது, அவளே சொல்லிக் காட்ட இடம் தருகிறதா? விலையும் விளம்பரமும் இதற்குப் பிறகுதான்.

நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. வீடியோவை நிறுத்திவிட்டு, பாடநூலில் ஐந்து வரியைக் குறித்து, வாய்ஸ் மெசேஜில் வாசித்து அனுப்பச் சொன்னேன். ஆப் அதேதான், போனும் அதேதான். முதல் குரல் இரவு ஒன்பது மணிக்கு வந்தது. அப்பா சந்தையிலிருந்து திரும்பினால்தான் அந்த வீட்டில் போன் உண்டு. பின்னால் ஆடு கத்தியது, பக்கத்து வீட்டு சீரியல் ஓடியது. ‘கிழவி’ என்பதை அந்தப் பிள்ளை ‘கெளவி’ என்று வாசித்திருந்தாள். அந்த ஒரு சொல்லை மட்டும் மெதுவாக மூன்று தடவை சொல்லித் திருப்பி அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. ஒரே மூச்சில் ஏழு முறை சொல்லிப் பார்த்திருந்தாள். ஐந்தாவதில் நாக்கு மடங்கத் தொடங்கியது, ஏழாவதில் ழகரம் வந்துவிட்டது. வந்ததும் அவளே சிரித்துவிட்டாள். வகுப்பறையில் நாற்பது பேர் நடுவே அவள் ஏழு முறை சொல்லிப் பார்த்திருக்க மாட்டாள். உச்சரிப்பு என்னும் நோக்கத்துக்கு அந்தச் சின்ன மைக் பொத்தான் கரும்பலகையைவிட மேலான கருவி என்று அன்றிரவு ஒப்புக்கொண்டேன்.

நன்னூல் ஆசிரியராகத் தகாதவர்களுக்கு நான்கு உவமை சொல்கிறது. அவற்றைக் கருவிகளுக்கும் வைத்துப் பார்க்கலாம், பொருந்துகின்றன. கழற்சிக்காய் போட்ட குடத்தைக் கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, முறை தப்பி எல்லாம் ஒன்றாக வந்து கொட்டும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப் அப்படிப்பட்ட குடம். காலையில் போட்ட கணக்கு, அதன் மேல் அறிவியல், இரண்டாம் பாகத்துக்குக் கீழே முதல் பாகம், நடுவில் யாரோ போட்ட காலை வணக்கப் பூங்கொத்து. இரவு ஒன்பதுக்குப் போன் கைக்கு வரும் பிள்ளை எதை முதலில் எடுப்பாள்? படிப்படியாகப் போக வேண்டிய பாடத்துக்குக் குரூப் ஆகாது. வரிசை கலையாமல் அடுக்கி வைக்கும் கூகுள் கிளாஸ்ரூம் போன்ற ஒன்று வேண்டும். அது முடியாத வீட்டுக்கு, எண் போட்டு ஜெராக்ஸ் எடுத்த நான்கு தாள் போதும்.

மடற்பனை இன்னொன்று. ஏறிப் பறிக்க முடியாது, தானாக விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒளிபரப்பின் இயல்பு அது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது, பள்ளிகள் மூடிய ஆண்டில் வீட்டுக்கு வந்த பள்ளியாக நின்றது. நடுவில் கை தூக்கிச் சந்தேகம் கேட்க முடியாது. ஆனால் கையில் ஸ்மார்ட்போன் இல்லாமல் கேபிள் மட்டும் இருந்த வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பது நோக்கமானால் வேறு வழி எது? அந்த நோக்கத்துக்கு அது சரியான தேர்வு என்பதே என் முடிவு. சந்தேகம் தீர்க்க அதே ஊர் அண்ணனோ அக்காவோ வேண்டும். 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ அந்த மற்றப் பாதியைத் தன்னார்வலர்களைக் கொண்டு நிரப்ப முயன்றது. மூன்றாவது, பருத்தி அடைத்த குண்டிகை. அது துளித்துளியாகத்தான் தரும், டவர் கிடைக்காத ஊரில் அரை ஜிபி வீடியோ அந்த ரகம். நான்காவது முடத்தெங்கு, அதாவது வளைந்த தென்னை: வேர் ஒருவர் தோட்டத்தில், காய் விழுவது அடுத்தவர் தோட்டத்தில். இலவசம் என்று சொல்லிப் பிள்ளைகளின் விவரத்தை வாங்கிக்கொள்ளும் ஆப்களை நிறுவும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கருவிக்கும் கற்றலுக்கும் உள்ள உறவு பற்றி அமெரிக்கக் கல்வியாளர் ரிச்சர்டு கிளார்க் 1983இல் ஒரு வாதத்தை வைத்தார். மளிகைச் சாமான் ஏற்றி வரும் லாரி நம் உடம்பின் ஊட்டத்தை மாற்றுவதில்லை, அதுபோல ஊடகம் கற்றலை மாற்றுவதில்லை, பாடம் அமைந்த முறைதான் மாற்றுகிறது என்பது அதன் சாரம். ராபர்ட் கோஸ்மா 1994இல் மறுத்தார். சில ஊடகங்களுக்கு வேறெதற்கும் இல்லாத ஆற்றல் உண்டு, அதைப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி என்றார். கிளார்க் சரி என்பதற்கு என் வாய்ஸ் மெசேஜ் சாட்சி: ஆப் மாறவில்லை, முறைதான் மாறியது. கோஸ்மாவும் சரி என்பதற்கு எங்கள் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் சாட்சி.

முக்கோணத்தின் நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம் என்று அதில் ஒரு பகுதி வரும். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு முக்கோணம் வரைவார், பிள்ளைகள் நோட்டில் ஒரு முக்கோணம் வரைவார்கள். இரண்டு மையமும் உள்ளே இருக்கும். எப்போதும் உள்ளேதான் இருக்கும் என்று பிள்ளை முடிவு கட்டிவிடுவாள். ஜியோஜீப்ராவில் அதே முக்கோணத்தின் ஒரு முனையை விரலால் பிடித்து இழுக்கட்டும். கோணம் விரியத் தொடங்கும். நடுக்கோட்டு மையம் உள்ளேயே தங்கும். செங்கோட்டு மையம் மெல்ல நகர்ந்து, தொண்ணூறு பாகையில் முனையிலேயே வந்து உட்கார்ந்து, அதைத் தாண்டியதும் வெளியே போய்விடும். பார்க்கிற பிள்ளை தானாகவே முனையைத் திரும்ப இழுத்து அதை உள்ளே கொண்டுவந்து பார்ப்பாள். இந்த அசைவைக் கரும்பலகை தராது, வீடியோவும் தராது, ஏனென்றால் வீடியோவில் இழுப்பது வேறொருவரின் விரல். இங்கே கோஸ்மா சரி. அதே பாடத்தில் கவராயத்தைப் பிடித்து வில் வரைவது எப்படி என்பதை ஜியோஜீப்ராவில் கற்றுக்கொள்ள முடியாது. அதற்குக் கவராயமும் தாளும் நழுவாத கையும் வேண்டும். ஒரே பாடம், இரண்டு வினைச்சொல், இரண்டு கருவி.

அறிவியலிலும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாததைக் காட்ட வேண்டுமானால் கணினி. கம்பிக்குள் மின்னோட்டம் எப்படிப் பிரிகிறது என்பதைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயலி அழகாகக் காட்டும். கைக்கு எட்டுவதைக் கையில் கொடுக்க வேண்டும். இரண்டு பேட்டரி செல்லும் ஒரு குட்டி பல்பும் கீரமங்கலம் கடைத்தெருவில் கிடைக்கும்போது திரையில் பல்பு எரிவதைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? சித்தன்னவாசல் ஓவியத்தை முப்பரிமாணத்தில் காட்டும் காணொளி திருநெல்வேலிப் பிள்ளைக்கு வரம். அன்னவாசல் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பிவிடலாம்.

சைக்கிள் என்றதும் நினைவுக்கு வருகிறது. நோக்கத்துக்குக் கருவி பொருந்துவதை இந்த மாவட்டம் உலகத்துக்கே காட்டியிருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்துக்குக் கருவி என்றால் யாருக்கும் சிலேட்டும் பாடநூலும்தான் தோன்றும். இங்கே அதோடு சைக்கிளைச் சேர்த்தார்கள். கற்பிக்க வரும் பெண் இரவில் அடுத்த ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டும், கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்யும் பெண் யாரையும் எதிர்பார்க்காமல் நடமாட வேண்டும். எழுத்து தெரிந்தும் வாசலைத் தாண்டாவிட்டால் நோக்கம் நிறைவேறாது என்று அவர்கள் கண்டார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றதைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார். அவர் எழுதியதில் ஒரு செய்தி எனக்கு மிகப் பிடிக்கும். பெண்கள் சிலர் லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பினார்கள். அதில் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். பெண்களுக்கென்று செய்த கருவியைவிடத் தங்கள் வேலைக்கு ஏற்ற கருவியை அவர்களே தேர்ந்துகொண்டார்கள். எந்தப் பயிற்சி முகாமும் இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காது.

இன்று கருவிக்குப் பஞ்சமில்லை. பாடநூலில் கியூஆர் குறியீடு, பள்ளியில் ஹைடெக் லேப், 2023இல் வந்த மணற்கேணி செயலி, பல பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டு. இவையெல்லாம் நல்லவை, வேண்டியவை. மின்சாரம் உள்ள வரைக்கும் நல்லவை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அடித்த பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் பாடம் நடந்தது புத்தகத்தாலும் வாயாலும்தான். ஆகவே எந்தப் பாடத்துக்கும் கரண்ட் இல்லாத ஒரு வழி கையிருப்பில் இருக்கட்டும்.

சக ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பாடக்குறிப்பு எழுதும்போது துணைக்கருவி என்ற இடத்தை முதலில் நிரப்பாதீர்கள். கற்றல் விளைவு என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே ‘அறிந்துகொள்வர்’, ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, பிள்ளை செய்வதைக் கண்ணாலோ காதாலோ உறுதி செய்யக்கூடிய ஒரு வினையை எழுதுங்கள்: வாசித்துக் காட்டுவாள், வரைவாள், தங்கைக்குச் சொல்லிக் கொடுப்பாள். பிறகு துணைக்கருவி இடத்துக்கு வந்து, அந்த வினையைப் பிள்ளை தன் கையால் செய்ய எது இடம் தருகிறதோ அதன் பெயரை எழுதுங்கள்.