இடிக்காமல் இடிப்பது எப்படி?

மைசூரு மாநகராட்சியில் உங்களுக்குப் புதிதாகப் பொறுப்பு வந்திருக்கிறது, கூடவே நூறு வயது தாண்டிய ஒரு சந்தைக் கட்டடமும் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (பேச்சுக்குத்தான் சொன்னேன். நிஜமாகவும் விழும்.) பதற வேண்டாம். கடப்பாரையோ புல்டோசரோ தேவையில்லை. ஒரு கோப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில் செடி வளருங்கள். கைப்பிடிச் சுவர் விரிசலில், காக்கை எச்சத்தோடு விழுந்த அரச விதை இரண்டு இலை விட்டிருக்கும். அந்த நிலையில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் இரு விரலால் கிள்ளி எறிந்துவிடக்கூடும், விடாதீர்கள். செடி பிடுங்கும் செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று பொறியியல் பிரிவுக்கு ஒரு நோட் போடுங்கள். அது தோட்டப் பிரிவின் வேலை என்று பதில் வரும். தோட்டப் பிரிவோ சுவர் தங்களுடையதல்ல என்னும். இதற்குள் வேர் சுண்ணாம்புக் காரைக்குள் இறங்கி மழைத் தண்ணீருக்கு வழி பண்ணிக் கொடுத்திருக்கும். செங்கலும் சுண்ணாம்பும் சேர்ந்த மெட்ராஸ் டெரஸ் தளத்தைத் தாங்கும் மர உத்திரத்தின் நுனி ஊறிவிட்டால், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வாடகையைத் தொடாதீர்கள். உயர்த்தினால் கடைக்காரர் பராமரிப்பு கேட்பார். தாத்தா காலத்து வாடகையைக் கட்டுகிறவர் கூரை ஒழுகினாலும் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருப்பார். கட்டடம் வருமானம் தரவில்லை என்று பிறகு நீங்களே எழுதலாம்.

பழுதுபார்த்தே ஆகவேண்டும் என்று நெருக்கடி வந்தால் டெண்டர் விடுங்கள். நேர்மையாகவே விடுங்கள். விதியை மீறினால்தான் கட்டடம் கெடும் என்பது வெளியாட்களின் நினைப்பு. கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டு பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை வரிக்கு வரி பின்பற்றினாலே போதும். ஒப்பந்தக்காரருக்கு ஆண்டு விற்றுமுதல் இவ்வளவு இருக்கவேண்டும் என்று தகுதி வையுங்கள். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது தெரிந்த கொத்தனாரிடம் டிஜிட்டல் கையொப்பம் இருக்காது, ஜிஎஸ்டி தாக்கல் இருக்காது, வைப்புத்தொகை கட்ட வழியிருக்காது. மாநிலத்துக்கே பொதுவான கொள்முதல் தளம் அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். குறைந்த விலை கேட்டு எல்-1 ஆக வருகிறவர் சிமென்ட் ஆசாமி. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். தணிக்கையில் ஒரு குறையும் வராது. (சட்டத்தில் 4(ஜி) என்று ஒரு விலக்குப் பிரிவும் உண்டு. அது அவசரக்காரர்களுக்கு, நமக்கு எதற்கு?)

புகார்களுக்குக் கைப்பேசிச் செயலி வையுங்கள். விரிசலைப் படம் எடுத்து அனுப்பியவருக்கு உடனே எண் போகட்டும். பொறியாளர் போய்ப் பார்த்ததும் ‘தீர்க்கப்பட்டது’ என்று பதிவாகட்டும். பார்த்தாகிவிட்டதல்லவா?

இதெல்லாம் பலிக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ஊரைச் சுற்றி வரலாம். வைஸ்ராய் லான்ஸ்டவுன் பிரபு வருகையையொட்டி 1892இல் எழுந்த லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் சரிந்தது. நான்கு பேர் செத்தார்கள். அந்த நான்கு பேருக்கு எந்தக் கணக்குத் தலைப்பு என்று யாரும் நோட் போடவில்லை. நான்கு ஆண்டு கழித்து, அதே ஆகஸ்டில், தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாசல் பகுதி விழுந்தது, அதுவும் பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தபோதே. 2022 அக்டோபரில் மகாராணி அறிவியல் கல்லூரிக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தது. முன்கூட்டியே ஆட்களை வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை.

விழுந்த பிறகுதான் உங்கள் திறமைக்கு உண்மையான வேலை. குழு போடுங்கள். ஒன்று போதாது. தேவராஜ மார்க்கெட் விஷயத்தில் இடிக்கச் சொன்ன நிபுணர் அறிக்கையும் உண்டு, பழுதுபார்க்கலாம் என்று மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு தந்த அறிக்கையும் உண்டு. இரண்டையும் ஒரே கோப்பில் கட்டினால் கோப்பு கனமாகும், நகராது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், இடித்துக் கட்ட 2023இல் வழி திறந்தது. குங்குமத்தைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைத்திருப்பவர்களும், நஞ்சன்கூடு ரசபாளை வாழைத்தார் தொங்கவிட்டவர்களும், மல்லிகையை முழம் போடுகிறவர்களும் இத்தனை ஆண்டும் அந்தக் கூரைக்குக் கீழேதான் வியாபாரம் பண்ணினார்கள். ‘இந்தக் கட்டடம் அபாயகரமானது’ என்று ஒரு பலகை வைத்துவிட்டால் உங்கள் கடமை முடிந்தது. வாடகை வசூலைப் பலகை தடுக்காது.

இதற்குள் உங்களுக்கு இடமாற்ற உத்தரவு வந்திருக்கும். பொறுப்பை ஒப்படைக்கும்போது இந்தக் குறிப்பையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள். பக்க எண் போட மறக்காதீர்கள்.