மாற்று பம்ப் எதற்கு?

எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலை. பெயர் வேண்டாம். டர்பைனைக் குளிர்விக்க மாற்று பம்ப் ஒன்று வாங்கலாமா என்று ஏழு வருடமாக யோசிக்கிறார்கள். வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் கட்சியும். இருக்கிற பம்ப் நின்றால் டர்பைனும் நின்றுவிடும். நின்ற டர்பைனுக்குச் சூடு ஏது, குளிர்ச்சி எதற்கு? ஆடிட்டரே வந்தாலும் இந்தக் கணக்கில் குறை சொல்ல முடியாது.

தவிர, சூட்டை இறக்கி வைக்க இந்த வட்டாரத்தில் இடமா இல்லை? வடசென்னை அனல்மின் நிலையம் கடல்நீரை இழுத்து, கண்டன்சரைக் குளிரவைத்து, வெந்நீரைக் கொசஸ்தலை முகத்துவாரப் பக்கம் விடுகிறது. ஆறு ஒருநாளும் கொட்டேஷன் நீட்டியதில்லை. ஜிஎஸ்டியும் இல்லை. மடவையும் இறாலும் அற்றுப்போயின என்று மீனவர்கள் புலம்புகிறார்கள். மீனை அரைவேக்காடாகவே தருகிறோமே, கேஸ் மிச்சம் என்று நினைக்கக் கூடாதா? இனி புளியும் மிளகாய்த்தூளும் கரைத்துவிட்டால் போதும், வலையில் குழம்பே ஏறும். தாளிக்க எண்ணெய் 2023 டிசம்பரிலேயே, மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது.

போன வாரம் ஆலையின் கொள்முதல் குழு மறுபடி கூடியது. 43 பக்கக் கோப்பு. மூன்றாம் பக்கத்தில் இருக்கும்போது அறையின் ஏசி நின்றது. பத்தே நிமிடத்தில் சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. பதினோராவது நிமிடம் ஒருமனதாகத் தீர்மானம்: மாற்றுக் குளிரூட்டி அவசரம், டெண்டர் தேவையில்லை, இன்றே வாங்கலாம்.

சாயங்காலமே கூட்ட அறையில் மாட்டிவிட்டார்கள். பம்ப் கோப்பு அடுத்த கூட்டத்துக்கு.