பனிக்கு அடியில் மீன், சேற்றுக்குள் விரால்

கேள்வி: கனடாவில் மகன் வீட்டருகே குளம் அப்படியே உறைந்துவிட்டதாம். உள்ளே இருக்கும் மீன்கள் என்னவாகும்? நம்மூர்க் குளத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டா?
– ஒரு தாய், சம்மாந்துறை

பதில்: கவலை வேண்டாம், உம்மா! தண்ணீர் 4 பாகை செல்சியசில்தான் மிகக் கனமானது. அது அடியில் தங்கிவிட, மேலே உறையும் பனிக்கட்டி போர்வையாகிவிடுகிறது. கீழே மீன்கள் அசைவைக் குறைத்து, கொஞ்சம் ஒட்சிசனிலேயே காலந்தள்ளும். அங்கே கிடக்கும் நீர்த்தவளைக்குத் தோலே மூச்சு.

நம்மூரில் மார்கழி மாரிகாலம், குளத்துக்குப் பெருநாள். சோதனை வருவது கச்சான் காற்று வீசிக் குளம் வற்றும் ஆடி, ஆவணியில். அப்போது விரால் ஈரச் சேற்றுக்குள் இறங்கிவிடும். செவுளுக்கு மேலுள்ள அறையால் காற்றையே சுவாசிக்கும்; தோல் காயாதிருந்தால் போதும். வற்றிய குளம் வெறுங்குளமல்ல. அதில் மண் கொட்டி நிரப்புகிறவர்கள் உயிரோடு விராலைப் புதைக்கிறார்கள். எனக்கு மனம் பொறுப்பதில்லை.

பனையேறி மீனோ செவுள்மூடியை ஊன்றி, ஈரநிலத்தில் நகர்ந்து வேறு குளத்துக்குக் குடிபோகும், வண்டிச்செலவே இல்லாமல்! பாலாமையும் சேற்றில் புதைந்துகொள்ளும். குளத்து நத்தை ஓட்டுக் கதவை இறுகச் சாத்திவிட்டு, மழை வந்து தட்டும்வரை திறப்பதில்லை.