திறக்காத பாட்டிலின் சுவை: முதிர்ந்த பார்லிவைன் குறித்து ஓர் ஆராய்ச்சி

பார்லிவைன் நாக்கால் சுவைக்கப்படுவது என்றொரு கொள்கை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. பீர் எழுத்தாளர்களும் பப் முதலாளிகளும் இதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அதை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பார்லிவைன் பெரும்பகுதி அலமாரியில் சுவைக்கப்படுகிறது. கொஞ்சம் பேச்சில் சுவைக்கப்படுகிறது. நாக்குக்கு மிஞ்சுவது சொற்பம். இதை ஐயமற நிறுவ, வயதான பாட்டில் ஒன்றும் அதைத் திறக்க மனம் வராத ஆள் ஒருவரும் போதும்.

முதலில் பொருளின் இலக்கணம். பெயரில் வைன் இருந்தாலும் திராட்சைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது பீர் குலம், அதில் ஏல் வகை. இங்கிலாந்தின் பப்பில் சாயங்காலம் முழுக்கக் குடிக்கிற பிட்டர், 4 சதவீத ஆல்கஹாலோடு அடங்கிவிடும். பார்லிவைன் 8-இல் தொடங்கி 12 வரை ஏறும். அந்த ஏற்றம் வெளியிலிருந்து ஊற்றிக் கலந்ததல்ல. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறப்போட்டு வடித்தால் முதலில் இறங்கும் சாறு கெட்டியாக, தித்திப்பாக இருக்கும். மறுபடி வெந்நீர் ஊற்றி வடித்தால் நீர்க்க இறங்கும். தேங்காயில் முதல் பாலும் இரண்டாம் பாலும் எடுக்கிற கதைதான். முதல் பாலில் எஜமானுக்குக் கெட்டி ஏல், இரண்டாம் பாலில் வேலையாட்களுக்கு 'சின்ன பீர்'. ஒரே ஊறலில் இரண்டு சாதி.

முதல் சாற்றைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு இன்னும் சுண்ட வைப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம் என்றால் இந்தச் சாறு 1,100 கிராமைத் தொடும். இதற்குள் இறக்கிவிடப்படும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும், ஆனால் பாதி வழியில் திணறி ஒரு பங்கைத் தின்னாமல் விட்டுவிடும். மிஞ்சிய இனிப்பை அடக்க, கசப்புத் தரும் ஹாப்ஸ் பூக்களை அள்ளிப் போடுவார்கள். புதிதாகத் திறந்து குடித்தால் இனிப்பு ஒரு பக்கம், கசப்பு ஒரு பக்கம், நடுவில் ஆல்கஹாலின் காட்டம் என்று மூன்றும் தனித்தனியே நின்று வாயில் பஞ்சாயத்து வைக்கும். சமாதானம் செய்துவைக்க ஆண்டுகள் ஆகும். ஆலைக்காரர் அதுவரை காத்திருப்பதில்லை. விற்றுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். காத்திருக்கும் செலவு முழுதும் வாங்கியவர் தலையில்.

இனி முன்னோர் ஆய்வுகள். இத்துறையின் மூத்தவர் கிரேக்கர் செனபோன். பாரசீக அரியணைச் சண்டைக்குக் கூலிக்குப் போன படை, கூலி கொடுக்க வேண்டியவனே செத்துப்போனதால் ஊர் திரும்பிக்கொண்டிருந்தபோது, கி.மு. 401-400 குளிர்காலத்தில் ஆர்மேனிய மலைக் கிராமங்களில் தங்கியது. அங்கே பெரிய பாத்திரங்களில் பார்லி மது இருந்ததையும், விளிம்புவரை தானியம் மிதந்ததையும், கணுவில்லாத நாணல் குழாயால் அதை உறிஞ்சியதையும் அவர் எழுதிவைத்தார். தண்ணீர் கலக்காவிட்டால் கடும் காட்டம், பழகிவிட்டால் இனிது என்பது அவர் முடிபு. அந்த மதுவுக்கும் ஆங்கில ஏலுக்கும் வம்சத் தொடர்பு இல்லை என்பாரும் உளர். உண்மைதான். ஆனால் சுவைக் குறிப்பு எழுதுவோர் 2,400 ஆண்டுகளாக முயன்றும் 'பழகிவிட்டால் இனிது' என்பதற்குமேல் உருப்படியாக எதையும் சேர்க்கவில்லை. ஆகவே அவரை விலக்க மனமில்லை.

பொறுமையைச் சுவையாக்கும் கலை முழு வளர்ச்சி பெற்றது இங்கிலாந்தின் பெருநிலக்காரர் வீடுகளில். வாரிசு பிறந்ததும் கெட்டியாக ஓர் ஏல் காய்ச்சி நிலவறையில் இறக்குவார்கள். பிள்ளைக்கு 21 வயது நிறையும் நாளில்தான் அதைத் திறப்பார்கள். சோதனை வடிவமைப்பாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல இடமே இல்லை. திறக்கும் தேதி தொட்டில் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. நடுவில் எந்த மாமனும் சித்தப்பனும் "ஒரு சொட்டுப் பார்ப்போமே" என்று கிளாஸோடு இறங்க முடியாது. குடிக்கப்போகிற பையனுக்குப் பீர் பிடிக்குமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

பர்ட்டன் ஆன் டிரென்ட் என்ற ஊரின் பாஸ் ஆலையும் இந்த வழியில் வந்ததுதான். அதன் சிவப்பு முக்கோணம் 1876-இல் பிரிட்டனின் முதல் வணிகச் சின்னமாகப் பதிவானது. 1882-இல் மானே தீட்டிய மதுக்கூட ஓவியத்தில் பணிப்பெண்ணின் முன்னால் அந்த முக்கோணத்தோடு பாட்டில்கள் நிற்பதைப் பார்க்கலாம். நமக்கு வேண்டியது அதன் நிலவறை. ஆலையின் பங்காளிகளான ராட்கிளிஃப் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்ததைக் கொண்டாட 1869-இல் ஓர் ஏல் காய்ச்சினார்கள். 1902 பிப்ரவரியில் ஏழாம் எட்வர்ட் அரசர் ஆலைக்கு வந்து தம் கையால் ஓர் ஊறலைத் தொடங்கிவைத்தார். அதற்கு 'கிங்ஸ் ஏல்' என்று பெயர். ராட்கிளிஃப் ஏல் பாட்டில்கள் 2006 வாக்கில் பர்ட்டன் நிலவறையிலிருந்து மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. திறந்து குடித்துப் பார்த்தவர்கள் 'இன்னும் குடிக்கலாம்' என்று சான்று கொடுத்தார்கள். 130 ஆண்டுக்கு மேல் காத்திருந்த பொருளுக்கு 'இன்னும்' என்ற ஒரு சொல்லே பெரிய பாராட்டு.

டார்செஸ்டரில் நடந்ததையும் பதிவு செய்தாக வேண்டும். நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி 1928-இல் காலமானார். அவர் 1880-இல் எழுதிய 'தி டிரம்பெட் மேஜர்' நாவலில் அந்த ஊர் பீரை வாயாரப் புகழ்ந்திருக்கிறார். மறைந்து 40 ஆண்டு ஆனதை ஒட்டி எல்ட்ரிட்ஜ் போப் ஆலை 1968-இல் 'தாமஸ் ஹார்டிஸ் ஏல்' என்று ஒன்றை வெளியிட்டது. ஆல்கஹால் 12 சதவீதம் அளவுக்கு ஏறிய சரக்கு. குறைந்தது 25 ஆண்டு தாங்கும் என்று லேபிளே வாக்குக் கொடுத்தது. 1999-இல் அங்கே காய்ச்சுவது நின்றுவிட்டது. பின்னர் வேறு ஆலைகள் அதே பெயரில் காய்ச்சின. கடைசி டார்செஸ்டர் பாட்டிலை நம்பி வைத்திருந்தவருக்கு 2024-இல் தவணை முடிந்தது. சுவை கெட்டுப்போயிருந்தால் புகார் எழுத, அந்த முகவரியில் ஆலை இல்லை. உத்தரவாதம் கொடுத்தவரைவிட உத்தரவாதம் நீண்ட ஆயுளோடு இருப்பது இந்தத் தொழிலின் தனிச்சிறப்பு.

அமெரிக்காவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலை 1975-இல் 'ஓல்ட் ஃபாக்ஹார்ன்' காய்ச்சியது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா 1983-இல் 'பிக்ஃபுட்' காய்ச்சியது. இரண்டிலும், முக்கியமாகப் பிந்தியதில், ஹாப்ஸை அள்ளிக் கொட்டினார்கள். இந்தக் கசப்பு தணிய வேண்டுமே என்பதற்காகவே பலர் பிக்ஃபுட்டை வாங்கிப் பூட்டிவைக்கிறார்கள். உடனே குடிக்கப் பிடிக்காத பொருளை ஆண்டுதோறும் வாங்கிச் சேர்ப்பதற்குப் பொருளியலில் என்ன விளக்கம் உண்டோ, அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

காலம் பாட்டிலுக்குள் புகுந்து என்னதான் செய்கிறது? ஹாப்ஸின் வாசனை முதலில் விடைபெறும். கசப்புத் தரும் அமிலங்கள் சிதைந்து மெல்ல மழுங்கும். மூடி வழியே நூல் நூலாகக் கசிந்த ஆக்ஸிஜன் சாதாரண பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடையைக் கிளப்பி, அதைச் சாக்கடைக்கு அனுப்பும். அதே ஆக்ஸிஜன் கெட்டியான பார்லிவைனில் ஷெர்ரி ஒயின், உலர்ந்த பேரீச்சை, வெல்லப்பாகு என்று மரியாதையான பெயர்களைப் பெற்றுக்கொள்ளும். கெட்டுப்போவதிலும் தராதரம் உண்டு. வடிகட்டாமல் அடைத்த பாட்டிலாக இருந்தால் அடிமண்டியாகக் கிடக்கும் ஈஸ்ட் செத்து உடைந்து, கடைசியில் சோயா சாஸ் வாசனை எழும். பீப்பாய்க் காலத்தில் இன்னொரு கூட்டாளியும் உண்டு. பீப்பாயில் முதிர்ந்த ஆங்கில ஏலின் தனி வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடிய கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கிளாசன், 1904-இல் அதற்குக் காரணமான காட்டு ஈஸ்ட்டைப் பிரித்துக் காட்டினார். பிரெட்டனோமைசிஸ் என்பது அதன் பெயர். ஒயின்காரர்கள் இதைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள். பழைய ஏல்காரர்கள் வீட்டுப் பிள்ளையாக வளர்த்தார்கள்.

இப்போது நேரடிச் சோதனை. ஆய்வுப்பொருள்: மான்செஸ்டரின் ஜே.டபிள்யூ. லீஸ் ஆலை 1986 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் 'ஹார்வெஸ்ட் ஏல்'. மாரிஸ் ஆட்டர் பார்லி, ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ், 11.5 சதவீதம், லேபிளில் ஆண்டு. ஆய்வுக்கூடம்: அந்த நகரில் வேலைபார்க்கும் நண்பரின் சமையலறை. ஃபிரிட்ஜில் வைத்தால் வாசனை எழாது, 12 முதல் 15 டிகிரி வேண்டும் என்பது விதி. மான்செஸ்டரில் அதற்கு ஜன்னலைத் திறந்தால் போதும். மூடியைச் சுற்றித் துரு வளையம் கட்டியிருந்தது. நெம்பினோம். 'ப்ஸ்' என்று ஒரு சத்தம், அதுவும் மரியாதைக்கு. வாய் குறுகிய கிளாஸில் சாய்த்து ஊற்றியபோது நுரை ஓரத்தில் மட்டும் ஒரு கோடாக நின்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. நிறம் கருஞ்சிவப்பு, விளக்குக்கு எதிரே பிடித்தால் விளிம்பில் செம்பு. கிளாஸைச் சுழற்றினால் உள்சுவரில் பிசுபிசுத்து, அவசரமில்லாமல் இறங்கியது.

நண்பர் தம் குறிப்பேட்டைப் பார்த்து, "மடீரா, பழைய தோல், நூலகம்" என்று வாசித்தார். நான் தலையாட்டினேன். எங்களில் ஒருவரும் மடீரா ஒயின் குடித்தவரல்ல. நூலகத்தில் போய் எதையும் முகர்ந்ததும் இல்லை. அப்போது, மதுரையிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த அவருடைய அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏன்டா, இந்நேரத்துல யாருடா வெந்தயத்த வறுத்தது?"

"வெந்தயம் இல்லம்மா. பீரு."

"பீரா? கொழம்புக்குத் தாளிச்ச மாதிரில வருது. லேசா தீஞ்சும் போச்சு. என்ன தம்பி, நீங்களும் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

இதைவிடத் துல்லியமான முடிவை எந்த ஆய்வகமும் தர முடியாது. லேபிளைப் பார்க்காதவர், விலை தெரியாதவர், ஒரு சொட்டும் அருந்தாதவர். சார்புநிலை என்று சந்தேகிக்க வழியே இல்லை. வெந்தயத்துக்கு வெந்தய வாசனை தருவது சோடோலோன் என்ற சேர்மம். அதே சேர்மம் முதிர்ந்த ஷெர்ரியிலும் மடீராவிலும் இருக்கிறது. வயதான கெட்டி பீர்களிலும் சேர்கிறது. ஆக மடீரா என்றவரும் வெந்தயம் என்றவரும் முகர்ந்தது ஒரே மூலக்கூறைத்தான். ஒருவர் குறிப்பேட்டில் பார்த்துச் சொன்னார், மற்றவர் மாடிப்படியிலிருந்தே சொன்னார். 'தீஞ்சு போச்சு' என்பதும் சரியே: பல மணி நேரக் கொதிப்பில் சர்க்கரையும் புரதமும் சேர்ந்து கறுத்த தடயம் அது.

பிறகு குடித்தோம். முதலில் இனிப்பு, உடனே தொண்டையில் ஒரு சூடு, கசப்பு கடைசியில் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனது. ஆங்கிலேயர் இதற்குத் தொட்டுக்கொள்ள ஸ்டில்டன் என்ற நீலம் பூத்த பாலாடைக்கட்டியைச் சொல்வார்கள். எங்களிடம் காராச்சேவு இருந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. வாயில் இருந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் சில நிமிடம் தேறாது. பேச்சு நள்ளிரவைத் தாண்டியது. பாட்டில் அலமாரியில் இருந்ததோ ஆண்டுக்கணக்கு. நாக்கின் பங்கு சொற்பம் என்று தொடக்கத்தில் சொன்னது, பெருந்தன்மையாகச் சொன்னது.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம்: எப்போது திறப்பது என்று தெரிந்து திறந்தால் நாக்குக்கும் நியாயம் கிடைக்குமே? கிடைக்காது. என்னை? சீக்கிரம் திறந்தால் பஞ்சாயத்து முடிந்திருக்காது. தாமதித்தால் சோயா சாஸ். சரியான காலம் வந்துவிட்டதா என்பதைத் திறக்காமல் அறிய முடியாது, திறந்தபின் அறிந்து பயனில்லை. ஆகவே அறிஞர்கள் இரண்டு பாட்டில் வாங்கச் சொல்கிறார்கள்: ஒன்றைத் திறந்து மற்றதன் நிலையை ஊகிக்கலாம். திறந்தது 'இன்னும் இரண்டு ஆண்டு போகட்டும்' என்றால், இரண்டு ஆண்டு கழித்துச் சரிபார்க்க மூன்றாவது வேண்டும். இப்படியே நகர்ந்து, கடைசியில் எல்லாரும் ஒரு பெட்டி வாங்குகிறார்கள். பழைய ஆங்கிலப் பார்லிவைன் ஒரு பைண்டில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும் 'நிப்' பாட்டிலில் வரும். சுமார் 190 மில்லி. நம்மூர் குவாட்டரைவிட ஒரு மடக்குதான் கூட. ஆராய்ச்சிக்கென்றே அளந்து செய்த அளவு.

பெட்டி தீரத் தீர அறிவு கூடுகிறது, கூடவே கையும் நடுங்குகிறது. கடைசிக்கு முந்தைய பாட்டில் அருமையாக இருந்தால், மிஞ்சிய ஒன்றைத் திறக்க யாருக்குத் துணிவு வரும்? மோசமாக இருந்தால், யாருக்கு ஆசை வரும்? இரண்டு வழியிலும் கடைசிப் பாட்டில் தப்பித்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்குப் போகிறது, பேரன்களுக்குப் போகிறது, பாகப்பிரிவினையில் யாரும் கேட்காத பங்காகக் கிடக்கிறது. அரசர் தொடங்கிவைத்த 1902-ஆம் ஆண்டு ஏல் இன்றைக்கும் ஏலத்துக்கு வந்துகொண்டிருப்பதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். விற்பனைக் குறிப்பில் மெழுகு முத்திரை உடையவில்லை என்றிருக்கும். திரவம் கழுத்தில் எதுவரை நிற்கிறது என்றிருக்கும். லேபிள் எந்த மூலையில் கிழிந்திருக்கிறது என்றுகூட இருக்கும். எப்படி இருக்கும் என்று விற்பவரும் எழுதுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை.