வார்னிங் விரட்டி

கெர்னல் கம்பைல் ஆகும் நேரத்தில் மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் போகமாட்டார். திரையில் ஓடும் வரிகளையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எங்காவது ஒரு ‘வார்னிங்’ கண்ணில் பட்டுவிட்டால் முகத்தில் அப்படியொரு களை!

லினக்ஸில் இவருக்கென்றே வாய்த்த இடம் ‘ஸ்டேஜிங்’. அரைகுறை டிரைவர்கள் கிடந்து தேறட்டும் என்று 2008-இல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் ஒதுக்கிய மூலை அது. அங்கே இவர் கைவைக்கும் டிரைவர் எந்தக் கார்டுக்கானது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கார்டை இவர் கண்ணால் கண்டதில்லை. பேட்ச்சின் அடியில் ‘கம்பைல் செய்து பார்த்தது மட்டும்’ என்று ஒரு வரி போட்டுவிடுவார். கம்பைலர் வாயை மூடிவிட்டால் வேலை முடிந்தது.

ஒருமுறை, ‘ரெட்’ என்ற மாறி மதிப்பே பெறாமல் பயன்படக்கூடும் என்று கம்பைலர் முனகியது. இவர் மேலே போய் ‘ரெட் = 0’ என்று எழுதினார். முனகல் நின்றது. ஆனால் ஃபங்ஷன் திருப்பித் தருவது அந்த மாறியைத்தான்; 0 திருப்பினால் ‘எல்லாம் சரி’ என்று அர்த்தம். சாதனம் பதிலே சொல்லாத வழியில்தான் அந்த மாறி காலியாக இருந்தது. அங்கே வந்திருக்க வேண்டியது ஒரு எரர் எண். இவர் புண்ணியத்தில் செத்த சாதனத்துக்கும் டிரைவர் ஆரோக்கியச் சான்றிதழ் கொடுத்தது.

“அந்த வழியில் மதிப்பு ஏன் இல்லை என்று பார்த்தீர்களா?” என்றார் மெயின்டெய்னர்.

“வார்னிங் போய்விட்டதே!” என்றார் இவர்.

அதற்காக இந்த இனத்தையே கேலி செய்துவிட முடியாது. ஸ்விட்ச்சில் ஒரு கேஸின் முடிவில் பிரேக் இல்லையென்றால் ஓட்டம் அடுத்த கேஸுக்குள் வழுக்கிவிடும். வேண்டுமென்றே விட்டதா, மறந்துபோனதா? எழுதியவருக்கே ஞாபகம் இருக்காது. பொறுமைசாலிகள் சிலர் இப்படிப்பட்ட இடங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்ததால்தான் 2019-இல், 5.3 பதிப்பில், அவற்றைச் சுட்டும் வார்னிங்கைக் கெர்னல் முழுக்கப் போட முடிந்தது. போகிற வழியில் நிஜப் பிழைகளும் அகப்பட்டன. நம்மவரும் அதில் பங்கெடுத்தார். படித்தாரா என்பதுதான் சந்தேகம்.

2021-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வார்னிங் எல்லாமே எரர்தான் என்று அறிவித்தபோது இவருக்குத் தீபாவளி. ஊரெல்லாம் பில்ட் உடைந்து, சில நாளிலேயே அவர் அதைத் தளர்த்தியதும் இவர் சோர்ந்துபோனார்.

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. ஆளே பயன்படுத்தவில்லை என்று இவருடைய அபிமான டிரைவரையே ஒரு பேட்ச்சில் தூக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த அத்தனை வார்னிங்கும் ஒரே வீச்சில் காலி. அந்தப் பேட்ச்சைத் துருவித் துருவிப் பார்த்தவர், தலைப்பின் கடைசியில் முற்றுப்புள்ளி வைக்கக்கூடாது என்று எழுதி அனுப்பினார்.