வட்டியில்லாமல் தொடர்மாடி

கேள்வி: கல்முனைக் கடற்கரைப் பக்கம் நாலு மாடிக் கட்டிடம் விலைக்கு வருகிறது. வாங்கி வாடகைக்கு விடலாமா? வட்டிக்குக் கடன்பட மனமில்லை.
— வாசகர், சாய்ந்தமருது

பதில்: கடற்காற்றில் மயங்காமல் கணக்கைப் பாருங்கள். வருட வாடகையில் வெறுமையாய்க் கிடக்கும் மாதங்கள், திருத்தவேலை, மாநகர சபை வரி எல்லாம் கழித்து, மிஞ்சுவதை விலையோடு ஒப்பிடுங்கள். உப்புக்காற்று கம்பியைத் தின்னும். வாடகை கொடாமல் குடியிருக்கும் ஆள் அது! 2004 டிசம்பர் 26 சுனாமியை நினைத்து, கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்றும் அளந்துவிடுங்கள். வீடுகளைத் தனித்தனி உறுதியில் பின்னர் விற்க எண்ணமிருந்தால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி தொடர்மாடித் திட்டப்படம் பதிவாக வேண்டும்.

பணத்துக்கு, குறைந்து செல்லும் முஷாரகா என்ற வட்டியில்லாப் பங்குமுறை இருக்கிறது. வங்கியும் நீங்களும் பங்காளிகள். அதன் பங்கைச் சிறுகச் சிறுக வாங்கிக்கொண்டே மீதிப் பங்குக்கு வாடகை கட்டுவீர்கள். மிஞ்சும் வாடகை அந்தத் தவணையைத் தாங்காவிட்டால், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.