கைவிடப்பட்ட பெரிய வண்டியை மீட்டெடுத்தல்: ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு பொருளதிகார ஆய்வு

முதலில் ஆய்வுப்பொருளை வரையறுத்துக்கொள்வோம். விற்பவர் "எஸ்.யூ.வி." என்பதும் ஊரார் "பெரிய வண்டி" என்பதும் ஒன்றே. சுமோ (1994), குவாலிஸ், பொலேரோ (இரண்டும் 2000), ஸ்கார்பியோ (2002) ஆகியவை இவ்வினத்தின் தொல்குடிகள். இவற்றுள் ஒன்று வேப்பமரத்தடியில் இரண்டு மழைக்காலம் அசையாமல் நின்று, டயரில் காற்றிறங்கி, "கண்டிஷன் வண்டி அண்ணாச்சி, பேட்டரி மட்டும் போட்டா போதும்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு கைமாறும்போது நம் ஆய்வு வரம்புக்குள் வருகிறது.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்ற முறையிலேயே செல்வோம். பிற்கால முறைகள் ஒர்க்‌ஷாப்பில் செல்லுபடியாவதில்லை.

முதற்பொருளில் நிலம் முந்தியது. ஸ்ரீவைகுண்டம் மருதம், தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இங்கேதான். நெல்லும் வாழையும் தாண்டிக் கிழக்கே போனால் நெய்தல், தூத்துக்குடி உப்பளங்கள். மருதத்துச் சேறு வண்டியின் அடியில் அப்பிக்கொள்ள, நெய்தலின் உப்புக்காற்று அதன்மேல் வேலை செய்ய, இந்தத் திணைமயக்கத்தில் விளைவது துரு. பக்கத்து ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோரும் பின்னர் அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது முதுமக்கள் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் கிடைத்தன. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்தும் இது வாள், இது வேல் என்று பிரித்தறிய முடிகிறது. பதினைந்து வயது வண்டியில் கார்ப்பெட்டைத் தூக்கினால், கீழே இருப்பது தகரமா சல்லடையா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுகிறது. மேலே காய்ந்து கிடக்கும் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் மாதக்கணக்கில் காயாது என்பதே காரணம். டிங்கரிங் செய்பவர் அந்த ஓட்டையை வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்தால் அது செப்பம் செய்த பதிப்பு. பட்டி தடவிப் பெயின்ட் அடித்தால் இடைச்செருகல்.

அடுத்தது பொழுது. இவ்வட்டார ஆய்வாளன் மறக்கக் கூடாத பொழுது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. அதன்பின் விற்பனைக்கு வந்த வண்டி எதுவும் வெள்ளத்தில் நின்றதே இல்லை என்பது விற்பவர்களின் ஒருமித்த கருத்து. இதற்கு மறுப்பு சீட் பெல்ட்டில் இருக்கிறது. கடைசிவரை இழுத்தால், சுருளுக்குள் கிடந்து, கழுவும் தண்ணீரும் துடைக்கும் துணியும் படாமல் தப்பிய பகுதியில் வண்டல் கோடு தெரியும். முதன்மைச் சான்று இதுதான், ஆர்.சி. புத்தகமெல்லாம் துணைமைச் சான்று.

கருப்பொருளைச் சுருக்கமாக முடிக்கலாம். மரம் வேம்பு, விலங்கு எலி, உணவு வயர். பறை என்ற இடத்தில் ஹாரன் வர வேண்டும். ஆனால் அது ஒலிக்காது. ஐந்து வயதுவரை பேசாதிருந்து திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்த குமரகுருபரர் பிறந்த ஊர் இது என்பதால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எலக்ட்ரீஷியன் ரிலேயை மாற்றினாலும் பேசும்.

உரிப்பொருள்தான் ஆய்வின் உயிர். செலவு எங்கே பிறக்கிறது? விலையில் அன்று, உதிரிபாகத்திலும் அன்று. கிளட்ச் பிளேட்டுக்காகக் கியர் பாக்ஸ் இறங்கிய நாளில், கிரீஸ் கையைப் பனியன் துணியில் துடைத்தபடி மெக்கானிக் சொல்கிறார்: "அண்ணாச்சி, கையோட கையா ரிலீஸ் பேரிங்கையும் மாத்திருவோம். பொறவு இதுக்குன்னு ஒருக்க எறக்கணும்லா?" இந்த வாதத்தை உலகின் எந்தத் தர்க்க நூலாலும் முறியடிக்க முடியாது, ஏனெனில் அது உண்மை. பேரிங் சில நூறோ ஆயிரமோ; அதற்காக மறுபடி இறக்கி ஏற்றும் கூலி அதைவிட அதிகம். பேரிங்கை எடுத்த வழியில் பிளைவீல் தெரியும், அதையும் லேத்தில் கொடுத்துவிடலாம். பிளைவீலைக் கழற்றினால் பின்னால் ஆயில் சீல் கசிவது தெரியும். ஒவ்வொரு முடிவும் தனித்தனியே சிக்கனம். கூட்டிப் பார்த்தால் மட்டுமே ஊதாரித்தனம்.

நின்ற வண்டிக்கு ஓடிய வண்டியைவிடச் செலவு அதிகம் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டர் இறுகிவிடும். டயர் தேயாமல் அழகாக இருக்கும்; பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் 2317 என்றால் அது 2017இன் 23ஆம் வாரத்துச் சரக்கு, ரப்பர் வெடித்துப்போயிருக்கும். ஏ.சி. ஓடாததாலேயே கம்ப்ரசர் சீல் காய்ந்து கேஸ் போயிருக்கும்.

ஆக, ஸ்பேர் வரும்வரை ஷாப் வாசலில் இருத்தல் முல்லை. பில்லைப் பார்த்து இரங்கல் நெய்தல். வீட்டில் அதைச் சொல்லும்போது நேரும் ஊடல் மருதம். அவ்வூடலுக்கு அஞ்சிக் கணக்கு நோட்டில் கிளட்ச் வரைக்கும் எழுதியவர்கள் பிறகு நோட்டையே தொலைத்துவிடுவதால், மொத்தச் செலவு குறித்த தரவு எந்த ஆய்வாளனுக்கும் கிடைப்பதில்லை.

ஒழுங்காக ரசீது கிடைக்கும் செலவு ஒன்று உண்டு. பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய்; 2022 ஏப்ரல் 1 முதல் 5,000. இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள்.

இத்தனையும் படித்த பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அட்வான்ஸ் கொடுக்குமுன் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம்; ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் பஸ் இருக்கிறது.